அன்டிபயோட்டிக் குடிக்கிற மகளுக்கு வயித்தால போகுது, தயிர் குடுக்கலாமா?

கல்லடி அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். மகளுக்கு மூண்டரை வயசு. போன கிழமை காதுக்குள்ள இருந்து சீழ் வந்து ராவு முழுக்க அழுதா, டொக்டர்ட்டக் காட்டினம், அமொக்சிசிலினும் கிளவுலனிக் அசிட்டும் சேர்ந்த சிரப் 7 நாளைக்குத் தந்தவர். ரெண்டாம் நாளே காய்ச்சல் விட்டுட்டு, காதும் நல்ல சுகம். ஆனா இண்டைக்கு நாலாம் நாள், விடிய இருந்து நாலு தரம் தண்ணியாப் போயிட்டு. புள்ள ஓடி விளையாடுறா, ரத்தம் ஒண்டும் இல்ல, சாப்பாட்டைக் கண்டாத்தான் முகத்தைத் திருப்புறா.

ஃபோன்ல தேடினா இந்த மருந்து கெட்ட கிருமியோட சேர்த்து வயித்துல இருக்கிற நல்ல பக்டீரியாவையும் கொல்லும் எண்டு கிடக்கு. பக்கத்து வீட்டு அக்கா தயிர் குடு எண்டுறா, மாமி காது நோவுக்குத் தயிரா, குளிர் ஏறி சளி கட்டிரும், வேணவே வேணாம் எண்டுறா. ஃபாமசியில நல்ல பக்டீரியா இருக்கிற கெப்சூல் எண்டு ஒண்டு காட்டினாங்க, விலையைக் கேட்டுட்டு ஒண்டும் பேசாம வந்துட்டன். மருந்தை நிப்பாட்டவும் பயமாக் கிடக்கு, குடுக்கவும் பயமாக் கிடக்கு. செத்த பக்டீரியா திரும்பி வருமா? இல்லாட்டி காலம் முழுக்க இவக்கு வயித்துக் கோளாறு தானா? ராவைக்கு அடுத்த டோஸ் குடுக்க முதல் யாராவது சொன்னீங்க எண்டா நல்லம்.

வாவிக்கரை நேர்ஸ்:

தங்கச்சி, பயப்படாதீங்க. நான் சின்னப் புள்ளைகள்ட வார்ட்டுல வேலை செய்யிறன், இந்தச் சிரப்புக்கு வயித்தால போறது எங்களுக்குத் தெரிஞ்ச விசயம்தான், கூடுதலான புள்ளைகளுக்கு மருந்து முடிய தானாவே நிண்டிரும். நீங்களா மருந்தைப் பாதியில விட வேணாம், காதுக்குள்ள மிச்சம் இருக்கிற கிருமி திரும்பித் தலை தூக்கும். ஆனா மருந்து தந்த டொக்டருக்கு ஒரு கோல் எடுத்து விசயத்தைச் சொல்லுங்க, தேவை எண்டா அவர் மாத்தித் தருவார்.

இண்டைக்கு முக்கியம் தண்ணி. ஒவ்வொரு தரம் போன பிறகும் ஜீவனி எண்ட உப்புச் சீனித் தூளை (ஓ.ஆர்.எஸ்.) கரைச்சு 100 தொடக்கம் 200 மில்லி வரைக்கும் கரண்டி கரண்டியாக் குடுங்க, கப்போட மடக்கு மடக்காக் குடிச்சா சத்தி எடுத்துருவா. வயித்தைக் கட்டுற குளிசை பெரியாக்கள்ட மருந்துப் பெட்டியில கிடக்கும், அதை எடுத்துக் குடுத்துராதீங்க. மலத்தோட ரத்தம், சளி போனா, மூத்திரம் போறது குறைஞ்சா, கண் உள்ளுக்குப் போன மாதிரி இருந்தா, புள்ள சோர்ந்து தூங்கி விழுந்தா விடியட்டும் எண்டு பாக்காம ராவோட ராவா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க.

தயிர் தாராளமாக் குடுக்கலாம். ஃப்ரிஜ்ல இருந்து எடுத்த கையோட குடுக்காம கொஞ்சம் வெளியில வச்சு, பகல்ல, சோத்தோட பிசைஞ்சு குடுத்தா மாமிக்கும் மனசு ஆறும். தயிர்ல இருக்கிற நல்ல பக்டீரியா மருந்துல சாகாம இருக்க, டோஸுக்கும் தயிருக்கும் நடுவுல ரெண்டு மணித்தியாலம் விடுங்க. சிப்ரோஃப்ளொக்சசின், டெட்ராசைக்கிளின் மாதிரி மருந்துகளை பால் தயிரோட சேர்த்து எடுக்கவே கூடாது, கல்சியம் அதைப் பிடிச்சு உடம்புக்குள்ள போக விடாது. உங்கட சிரப்புக்கு அந்தப் பிரச்சினை இல்ல.

ஒரு விசயம் சொல்லாம விட ஏலாது. தடிமனுக்கும் சும்மா காய்ச்சலுக்கும் போன முறை மிஞ்சின போத்தலைக் கலக்கிக் குடுக்கிற அம்மாமாரை நான் எவ்வளவு பேரைப் பாத்திட்டன். என்ட சொந்த மகனுக்கே, நான் டியூட்டியில நிக்கக்குள்ள, டொக்டர்ட துண்டு இல்லாம ஒரு கடையில வாங்கிக் குடுத்திருக்காங்க. வைரசுக்கு இந்த மருந்து ஒண்டும் செய்யாது, வயித்துல இருக்கிற பாவப்பட்ட பக்டீரியாவுக்குத்தான் அடி. உங்கட மகளுக்கு சீழ் வந்தது, அது வேற, தேவைக்குத்தான் தந்திருக்கார்.

படுவான்கரையான்:

நான் படிச்ச ஆள் இல்ல தங்கச்சி, ஆனா எங்கட வீட்டுல மூண்டு தலைமுறையா எருமைத் தயிர் போடுறம். அன்டிபயோட்டிக் என்ன செய்யும் எண்டு நான் என்ட கண்ணால கண்டனான், அதைச் சொல்றன்.

பாலை விறகு அடுப்புல வச்சு, அடி பிடிக்காமக் கிண்டிக் காய்ச்சி, நுரையை வழிச்சு எடுத்துட்டு ஆற விடுவம். எங்களுக்கு தேர்மோமீட்டர் எல்லாம் இல்ல, அம்மம்மா சுண்டுவிரலை விட்டுப் பாப்பா, சூடு தெரியணும் ஆனா விரலை இழுக்கத் தோணப்படாது, அந்தப் பதத்துல நேத்தைய தயிர்ல ஒரு கரண்டி போட்டுக் கலக்கி மண் சட்டிகள்ல ஊத்தி மூடி வச்சா விடிய கட்டியா நிக்கும், மேல ஆடை, சட்டியோட வெளிப்பக்கம் ஈரமா இருக்கும். இது ஒரு நாளும் பிழைச்சதில்ல.

ஒரு தரம் ஒரு எருமைக்கு மடி வீங்கி மிருக வைத்தியர் ஊசி போட்டவர், இத்தனை நாளைக்குப் பாலை எடுக்காதீங்க எண்டு சொல்லிட்டுத்தான் போனவர். தம்பி தெரியாம அதுட பாலையும் மத்தப் பாலோட ஊத்திட்டான். விடிய எழும்பிப் பாத்தா 12 சட்டியும் பாலாவே கிடக்கு. அதே பதம், அதே உறை, ஒண்டுகூட உறையல்ல. அப்பா ஒரு சட்டியச் சரிச்சு ஊத்தினார், பால் தண்ணி மாதிரி ஓடிச்சு, கொஞ்ச நேரம் பேசாம நிண்டுட்டு கேட்டார், ஊசி போட்ட மாட்டுல கறந்தியா எண்டு. உறையில இருந்த உயிர் எல்லாம் செத்திட்டு. உங்கட கேள்வியைப் பாத்ததும் அந்தச் சட்டிகள்தான் ஞாபகம் வந்திச்சு.

மறுகா நாங்க பக்கத்துப் பட்டிக்காரர்ட்ட ஒரு கரண்டி உறை வாங்கித்தான் திரும்பத் தொடங்கினம். புள்ளைக்கு அண்டண்டைக்குப் போட்ட, புளிக்காத தயிராப் பாத்து வாங்குங்க.

வந்தாறுமூலை மாணவன்:

படுவான்கரை அண்ணன் சொன்னதை எங்கட லெக்சர்ல சொல்லியிருந்தா ஒரு மணித்தியாலம் மிச்சம். நான் கிழக்குப் பல்கலைக்கழகத்துல உயிரியல் படிக்கிறன், ஒரு இடத்துல மட்டும் கொஞ்சம் சேர்த்துச் சொல்லணும். தயிர்ச் சட்டிக்குள்ள இருக்கிறது ஒரு சில இனம், வயிறு அப்படி இல்ல. பெருங்குடலுக்குள்ள நூத்துக்கணக்கான இனம் இருக்கு, கூடுதலானது ஒட்சிசன் பட்டா செத்துரும், அதால அதுகளைத் தயிர்ல வளக்கவும் ஏலாது. ஒரு ஆள்ட உடம்புல கிட்டத்தட்ட 38 ட்ரில்லியன் பக்டீரியா எண்டு 2016ல கணக்குப் போட்டாங்க, எங்கட சொந்தக் கலங்கள்ட எண்ணிக்கையும் அதுக்குக் கிட்டத்தான், மொத்தப் பாரம் ஒரு 200 கிராம் வரும்.

சிரப் இவ்வளவையும் கொல்லாது அக்கா. தப்பினதுகள் குடலோட மடிப்புக்குள்ள கிடந்து திரும்பப் பெருகும், கொஞ்சம் நாள் எடுக்கும், அவ்வளவுதான். தயிர்ல வாறது ஊருக்கு வந்த விருந்தாளி மாதிரி, கூடுதலா குடியிருக்காது, ஆனா போற வழியில உதவி செய்யும், பால்ல இருக்கிற லக்டோஸ் எண்ட சீனியையும் கொஞ்சம் தின்னுட்டு வாறதால இந்த நேரத்துல பாலை விடத் தயிர் சமிக்கும்.

கெப்சூல் பத்தி ரெண்டு பக்கமும் இருக்கு. 2019ல கொக்ரேன் எண்ட அமைப்பு புள்ளைகள்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பாத்தது, அன்டிபயோட்டிக்கோட சேர்த்து அதை எடுத்த புள்ளைகள்ல 8 வீதத்துக்கும் எடுக்காதவங்கள்ல 19 வீதத்துக்கும் வயித்தால போயிருக்கு. அப்ப பலன் இருக்கு. ஆனா எல்லாக் கெப்சூலும் ஒண்டு இல்ல. சக்கரோமைசிஸ் பூலார்டி எண்டு ஒண்டு இருக்கு, அது பக்டீரியாவே இல்ல, ஒரு மதுவம் (ஈஸ்ட்), அதால அன்டிபயோட்டிக் அதைத் தொடாது. மத்தப் பக்கம், 2018ல இஸ்ரேல்ல பெரியாக்கள் 21 பேருக்கு அன்டிபயோட்டிக் குடுத்துப் பாத்தாங்க, மருந்து முடிஞ்ச பிறகு சும்மா விட்டவங்களுக்கு மூணு கிழமையில பழைய கூட்டம் கிட்டத்தட்டத் திரும்பி வந்திட்டு, பல இனம் கலந்த கெப்சூல் எடுத்தவங்களுக்கு மாசக்கணக்காகியும் வரல்ல. புதுசா வந்ததுகள் இடத்தைப் பிடிச்சிட்டு. சின்ன ஆய்வுதான், ஆனா விலையைப் பாத்து வாங்காம வந்ததுக்கு நீங்க கவலைப்படத் தேவையில்ல, டொக்டர் சொன்னா மட்டும் வாங்குங்க.

எனக்குப் பெரிசாத் தெரியிறது சாப்பாடு. எங்களுக்குச் சமிக்காத நார்தான் அதுகளுக்குச் சோறு. அதைப் புளிக்க வச்சு பியூட்டிரேட் எண்ட ஒரு அமிலத்தை உண்டாக்கும், பெருங்குடல் சுவர்ட கலங்கள் கூடுதலா அதைத் தின்டுதான் வாழுது. வயிறு நிண்ட பிறகு வாழைப்பழம், பருப்பு, கௌபி, குரக்கன், கீரைச் சுண்டல் எண்டு மெல்ல மெல்லக் குடுங்க. ஆறின சோத்துலயும் சமிக்காத மாப்பொருள் கூடும், பழஞ்சோத்துல விசயம் இருக்கு, ஆனா சுகமில்லாத புள்ளைக்கு இப்ப வேணாம்.

சம்மாந்துறை வாப்பா:

இடையில கேக்கன், குறை நினைக்காதீங்க. எங்குட புள்ளைக்கு ரெண்டு மாசம், ஒபரேசன் பண்ணித்தான் எடுத்த. அப்படிப் பொறந்த புள்ளைக்கு நல்ல பக்டீரியா குறைவாமே, மெய்யா? உம்மா கேட்டதுல இரிந்து ஒரே யோசினை.

வந்தாறுமூலை மாணவன்:

நானா, ஆரம்பத்துல வித்தியாசம் இருக்கிறது மெய்தான், மாசம் போகப் போகக் குறைஞ்சிரும். தாய்ப்பால் குடுக்கிறாங்களா? தாய்ப்பால்ல லக்டோஸுக்கும் கொழுப்புக்கும் அடுத்ததாக் கூட இருக்கிறது ஒரு வகைச் சீனிகள், அதைப் புள்ளையால சமிக்கவே ஏலாது. அது புள்ளைக்கு இல்ல, புள்ளைட குடல்ல இருக்கிற பிஃபிடோபக்டீரியா எண்ட நல்ல பக்டீரியாவுக்கு. தாய் ஒரே பால்ல ரெண்டு பேருக்கும் ஊட்டுறா. இதைப் படிச்ச அண்டைக்கு நான் வீட்டுக்குப் போய் அம்மாட்டச் சொன்னனான்.

சம்மாந்துறை வாப்பா:

அல்ஹம்துலில்லாஹ், தாய்ப்பால் மட்டும்தான் குடிக்காரு. உம்மாக்கு வாசிச்சுக் காட்டிட்டன்.

கல்லடி அம்மா:

எல்லாருக்கும் நன்றி, பதில் போடப் பிந்திட்டு. அண்டைக்கு ராவே டொக்டரோட கதைச்சன், மருந்தைத் தொடரச் சொன்னவர், கெப்சூல் தேவையில்ல எண்டார். ஜீவனி குடுத்தம், அடுத்த நாள் மூணு தரம், அதுக்கடுத்த நாள் ஒரு தரம். படுவான்கரை அண்ணன்ட 12 சட்டிக் கதையை மாமிக்கு வாசிச்சுக் காட்ட, அவ ஒண்டும் சொல்லல்ல, மத்தியானம் பாத்தா அவவே ஒரு சின்னச் சட்டி வாங்கிட்டு வந்து, குளிர் போக வெயில் படுற ஜன்னலுக்குக் கிட்ட வச்சிருக்கா. குழைஞ்ச சோத்துல பிசைஞ்சு ஊட்டினா, ஆறு வாய் சாப்பிட்டா மகள். நேத்து சிரப் முடிஞ்சுது, இண்டைக்கு விடிய கட்டியாப் போயிருக்கா. திங்கள் காதைத் திரும்பக் காட்டப் போறம்.