ஊட்டில எடுக்கற ரத்தத்துல எச்ஐவி கல்ச்சர் வளரவே மாட்டேங்குது, எங்க தப்பு பண்றோம்?

கேத்தி_டெக்:
வணக்கம்ங்க. ஒரு ஆராய்ச்சி புராஜெக்ட்ல லேப் டெக்னீஷியனா இருக்கேன். புதுசா எச்ஐவின்னு தெரிஞ்சு இன்னும் மாத்திரை ஆரம்பிக்காதவங்ககிட்ட சம்மதம் வாங்கி, லேப்ல வைரஸை வளர்த்துப் பாக்க (அதான் கல்ச்சர்) ரத்தம் எடுக்கறோம். சாயங்காலம் எடுத்ததை ஐஸ் பெட்டில வச்சு காலைல வேன்ல மேட்டுப்பாளையம் வழியா கோயம்புத்தூர் லேபுக்கு அனுப்பறோம். எட்டு சாம்பிள்ல மூணுலதான் பி24 (வைரஸோட புரதம், அது ஏறுனா வைரஸ் வளருதுன்னு அர்த்தம்) ஏறுச்சு, மீதி 28 நாள் ஆகியும் ஒண்ணுமில்ல. தேயிலை பறிக்கற ஒரு அக்கா ஒரு நாள் கூலிய விட்டுட்டு வந்து குடுத்த ட்யூபும் வீணாப் போச்சு, மனசு கேக்கல.

கோவை_செல்:
தம்பி, முதல்ல அந்த ஐஸை எடுத்துப் போடுங்க. கல்ச்சருக்கு வேண்டியது உயிரோட இருக்கற வெள்ளணு. ரத்தம் குளிர்ந்துட்டா ஃபைக்கால்ல (செல்லைப் பிரிக்கற திரவம்) சுத்தும்போது நடுவுல வெள்ளையா நிக்கற படலம் சரியாப் பிரியாது, கிரானுலோசைட்டும் (நமக்கு வேண்டாத வேற வகை வெள்ளணு) சிவப்பணுவும் கலந்து கலங்கலா வரும். 18லிருந்து 25 டிகிரிக்குள்ள வைங்க. ஊட்டில மார்கழி ராத்திரி வெளிய பனி உறையுது, அதனால ஐஸ் எடுத்தா மட்டும் பத்தாது, தெர்மாகோல் பெட்டி, அதுக்குள்ள ரூம் சூட்டுல இருக்கற ஜெல் பேக் வேணும். ரத்தத்தை காலைல எடுத்து அன்னைக்கே பிரிச்சிருங்க. அதே ட்யூப்ல பிசிஆரும் (வைரஸோட மரபணுவைத் தேடற டெஸ்ட்) போடறதா இருந்தா ஹெப்பாரின் (ரத்தம் உறையாம வைக்கற மருந்து) வேண்டாம், பிசிஆரை அது தடுத்துரும்.

வெலிங்டன்_அக்கா:
அவர் சொன்னது சரிதான், ஆனா டோனர் செல்லையும் (எச்ஐவி இல்லாதவங்க குடுத்த வெள்ளணு, அதுலதான் வைரஸைப் பரவ விடறோம்) பாருங்க. ஒருத்தர் செல்லுல வைரஸ் நல்லா ஏறும், இன்னொருத்தருதுல மந்தமா இருக்கும், அதனால ரெண்டு மூணு பேரோடதைக் கலந்துக்கோங்க. பிஎச்ஏ போட்டு ரெண்டு மூணு நாள் தூண்டிட்டு, ஐஎல்-2 (செல் பெருக உதவற புரதம்) சேர்த்து, வாரா வாரம் புது டோனர் செல் குடுக்கணும். பழசையே வச்சிருந்தா வைரஸுக்குப் பரவ இடம் கிடையாது. இன்னொன்னு, நோயாளியோட சிடி8 செல்லே (ஒரு வகை வெள்ளணு) வைரஸை அமுக்கி வைக்கும், அதைக் காந்த மணி வச்சு எடுத்துட்டுப் போட்டா பலன் கூடும்.

மலைச்சாரல்:
கல்ச்சர் நெகட்டிவ்னா அவங்களுக்கு எச்ஐவி இல்லன்னு அர்த்தமா அக்கா?

வெலிங்டன்_அக்கா:
இல்லவே இல்லம்மா. நோய் இருக்கா இல்லையான்னு ஐசிடிசில (எச்ஐவி ஆலோசனை, பரிசோதனை மையம்) எடுக்கற ஆன்டிபாடி டெஸ்ட்தான் சொல்லும், கைக்குழந்தைக்கு பிசிஆர். மாத்திரை ஒழுங்கா எடுக்கறவங்க கிட்ட வளரக்கூடிய வைரஸ் பத்து லட்சம் ஓய்வுல இருக்கற சிடி4 செல்லுக்கு (எச்ஐவி தாக்கற வெள்ளணு) ஒண்ணு அளவுலதான் ஒளிஞ்சிருக்கும், பத்து மில்லி ரத்தத்துல அது மாட்டாமலே போகலாம். கல்ச்சர் நெகட்டிவ்னு யாரும் மாத்திரைய நிறுத்திரக் கூடாது.

கேத்தி_டெக்:
நன்றி அக்கா, நன்றிங்கண்ணா. இன்னைக்கு அனுப்பறதுக்கு முன்னாடி பெட்டிக்குள்ள தெர்மாமீட்டர் வச்சுப் பார்த்தேன், 4 டிகிரி காட்டுச்சு. திங்கக்கிழமை காலைல ஒம்பது மணிக்கு எடுத்து ஐஸ் இல்லாம அனுப்பறேன், சிடி8 விஷயத்தை லேப்ல கேட்டுட்டு வந்து எழுதறேன்.