நெப்ராஸ்கா 150 ஸ்டாம்ப்பும் அப்பாவுக்குப் போன லெட்டரும்

நான் அமெரிக்காவுல நெப்ராஸ்கா மாநிலத்து ஒமாஹா ஊர்ல வேலை பாத்தப்போ நடந்தது இது. 2017 மார்ச் 1, நெப்ராஸ்கா 37வது மாநிலமா சேந்து 150 வருஷம், அன்னைக்குத்தான் லிங்கன்ல ஸ்டாம்ப் ரிலீஸ். புதன்கிழமைங்கறதால போக முடியல, சனிக்கிழமை காலைல பக்கத்து போஸ்ட் ஆபீஸ்ல போய் நின்னேன். ஒண்ணு சொல்லிடறேன், பொதுவா ஃபாரெவர் ஸ்டாம்ப்னு (விலை போடாம வர்றது, பின்னாடி கட்டணம் ஏறினாலும் உள்நாட்டு லெட்டருக்கு செல்லும்) கேட்டா கொடி போட்டதை எடுத்து நீட்டிடுவாங்க, பேரைச் சொல்லிக் கேக்கணும்.

ஸ்டாம்ப் உண்மையிலேயே அழகு. பிளாட்ங்கற ஆத்துக்கு மேல சாண்ட்ஹில் கொக்குங்க தாழப் பறந்து போகுது, மைக்கேல் ஃபோர்ஸ்பெர்க் எடுத்த போட்டோ. மார்ச் மாசம் அந்தக் கொக்குங்க லட்சக்கணக்குல அங்க வந்து எறங்கும், பாக்கவே வெளியூர்ல இருந்து ஆளுங்க வருவாங்க.

கவுன்டர்ல இருந்த அம்மாவுக்கு ரிட்டயர் ஆகுற வயசு. ஷீட்டை எடுத்து வச்சுட்டு, "நூறாவது வருஷத்துக்கு வந்ததைப் பாத்திருக்கியா, அதுல ஒரு மாடும் சோளக்கதிரும் இருக்கும்"னு சிரிச்சாங்க. 1967ல வந்த அஞ்சு சென்ட் ஸ்டாம்ப் அது, ஹெர்ஃபோர்ட் மாடு, அதான் செம்பட்டை உடம்பு, வெள்ளை மூஞ்சி. மாநிலம் சேந்த நாளை வச்சு 50 வருஷத்துக்கு ஒருக்காதான் ஸ்டாம்ப் போடுவாங்க, 125க்கெல்லாம் கெடையாதுங்கறதும் அவங்க சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நமக்கு விட மனசு வரல. பழைய ஸ்டாம்ப் விக்கிறவர்கிட்ட அந்த மாட்டு ஸ்டாம்ப்பைத் தேடி வாங்கினேன், அம்பது வருஷப் பழசுன்னு பேரு, விலை சல்லிசுதான், அந்தக் காலத்துல கோடிக்கணக்குல அடிச்சதாச்சே.

ஊர்ல அப்பா ஸ்கூல் காலத்துல இருந்து ஆல்பம் வச்சிருக்கறவர், சும்மா ஸ்டாம்ப்பை உள்ள வச்சு அனுப்பறதைவிட ஒட்டியே அனுப்பலாம்னு தோணுச்சு. அப்போ இந்தியாவுக்கு லெட்டர் 1 டாலர் 15 சென்ட். கொக்கு ஒண்ணு 49, ரெண்டு ஒட்டினா 98, மீதி 17க்கு மாடு நாலு, 20 சென்ட், மூணு சென்ட் கூடப் போனா போகுது. கவர்ல அட்ரஸ் எழுத எடம் இல்லாத அளவுக்கு ஒரே கொக்கும் மாடுமா ஆயிடுச்சு!

அன்னைக்குன்னு கவுன்டர்ல ஒரு சின்னப் பையன். மாட்டை விரலால தடவிப் பாத்துட்டு, இது இன்னும் செல்லுமான்னு என்னையே கேக்கறான். உள்ள இருந்து அதே அம்மா வந்து, 1861ல இருந்து வந்த ஸ்டாம்ப் எல்லாமே செல்லும், வாங்கிக்கோன்னாங்க. அதுக்கு முந்தினதுதான் செல்லாது, ஏன்னா உள்நாட்டுப் போர் வந்தப்போ தெக்கத்தி மாநிலங்கள்ல இருந்த போஸ்ட் ஆபீஸ் ஸ்டாக்கை அவங்க காசாக்கிடக் கூடாதுன்னு வடக்கு அரசாங்கம் பழசை செல்லாததாக்கிடுச்சு. நம்ம ஊரு பணமதிப்பிழப்பு மாதிரியேன்னு நெனச்சுக்கிட்டேன்.

மெஷின்ல போட்டா கோடு கோடா இழுத்துடும், கையால முத்திரை குத்தித் தர முடியுமான்னு கேட்டேன். அந்த அம்மா வட்ட முத்திரையை மை ஒத்தி, ஒவ்வொரு ஸ்டாம்ப்போட மூலையிலயும் லேசா படுற மாதிரி நிதானமா குத்தினாங்க. கொக்கு மேல ஒரு சொட்டு மை படல. பின்னாடி க்யூவுல நின்னவர் பெருமூச்சு விட்டது காதுல விழுந்தது, நான் திரும்பிப் பாக்கல.

லெட்டர் போய்ச் சேந்ததும் அப்பா போன் பண்ணினாரு. உள்ள ரெண்டு பக்கம் எழுதியிருந்தேன், அதைப் பத்திப் பேச்சே இல்ல. "ஏன்டா தம்பி, ஊர்ப்பேரும் தேதியும் இவ்ளோ தெளிவா விழுந்திருக்கே, யாருடா குத்தினது?"ன்னாரு. ஸ்டாம்ப்பைத் தண்ணில ஊறப்போட்டுப் பிரிக்காம முழுக் கவராவே வச்சுட்டாரு.

கொலராடோ 1876ல சேந்தது, 2026ல 150 ஆகுது. டென்வர் பக்கம் யாராவது இருந்தா கையால முத்திரை குத்தி எனக்கு ஒரு கவர் போட்டு விடுங்கப்பா, செலவை நான் குடுத்துடறேன்.