டிஸ்க் பிரேக் தளர்ந்தால் கேபிளை விடுங்கள், உள்பக்கப் பேடைப் பாருங்கள்

நுவரெலியாவிலிருந்து:

லபுக்கலை, இறம்பொடை வழியாகப் புசல்லாவைக்குச் சைக்கிளில் இறங்குகிறவர்களுக்கு பிரேக்கின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதிலும் மழைக்காலத்தில் வீதியில் வழியும் மண் தண்ணீர், சக்கரத்தோடு சுற்றும் உலோகத் தட்டான டிஸ்க்கை இருபுறமும் பிடித்து நிறுத்தும் பேடை அரைத்தே தின்றுவிடும். பிரேக் லீவர் கைப்பிடியைத் தொடும் அளவுக்குத் தளர்ந்ததும் கடையில் கொடுத்தேன். கேபிளை இழுத்து இறுக்கித் தந்தார்கள். சில நாளில் பழையபடியே ஆகிவிட்டது. பிறகு வீட்டு விறாந்தையில் நானே உட்கார்ந்தேன்.

கேபிளில் இயங்கும் டிஸ்க் பிரேக்குகளில் பெரும்பாலானவற்றில் வெளிப்பக்கப் பேட் மட்டுமே நகரும். சக்கரக் கம்பிகள் பக்கம் இருக்கும் உள்பேட் அசையாது. லீவரைப் பிடிக்கும்போது வெளிப்பேட் டிஸ்க்கைச் சற்று வளைத்து உள்பேடில் கொண்டுபோய் அழுத்துகிறது. உள்பேட் தேய்ந்து விலகியிருந்தால் பாதி இழுப்பு டிஸ்க்கை வளைப்பதிலேயே போய்விடும். கேபிளை எவ்வளவு இறுக்கினாலும் இந்த இடைவெளி குறையாது; பேடுகளைத் தாங்கும் கேலிப்பரில் கேபிள் இழுக்கும் கை முன்கூட்டியே திரும்பி நிற்கும், அவ்வளவுதான்.

ஆகவே முதலில் கேபிளைத் தளர்த்திவிட்டு, உள்பேடின் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினேன். சக்கரத்துக்குப் பின்னால் வெள்ளைத் தாள் ஒன்றைப் பிடித்துக் கேலிப்பரின் இடுக்கில் பார்த்தால் டிஸ்க்குக்கு இருபுறமும் வெளிச்சக் கீற்று தெரியும். உள்பக்கக் கீற்று மயிரிழையாகும் வரை திருப்ப வேண்டும். சக்கரத்தைச் சுற்றினால் உரசக் கூடாது. கேபிள் அதற்குப் பிறகுதான். சுற்றும் டிஸ்க்கின் அருகே விரலை மட்டும் கொண்டுபோகாதீர்கள், வெட்டிவிடும்.

"கேலிப்பர் போல்ட்டைத் தளர்த்தி, லீவரைப் பிடித்தபடி இறுக்கு, தானாக நடுவுக்கு வரும்" என்பார்கள். கேபிளுக்குப் பதில் திரவ அழுத்தத்தில் இயங்கி, இரண்டு பேடும் நகரும் ஹைட்ராலிக் பிரேக்குக்கு அது சரி. இந்தக் கேபிள் வகைக்கு உள்பேடை டிஸ்க்கை ஒட்டி நகர்த்திய பிறகு செய்தால்தான் பலன் உண்டு.

ஹட்டனிலிருந்து:

அண்ணன் சொன்னபடி செய்தேன், லீவர் பாதியிலேயே பிடிக்கிறது. ஆனால் கீச்சென்ற சத்தம் நிற்கவில்லை. விசாரித்தால், மருமகப்பிள்ளை நல்லெண்ணத்தில் சங்கிலிக்குப் போடும் எண்ணெயை டிஸ்க்கிலும் விட்டிருக்கிறான்! பார்மசியில் ஐசோபுரோப்பைல் அல்கஹோல் வாங்கி டிஸ்க்கைத் துடைத்தேன். எண்ணெய் குடித்த பேட் மீளாது, புதிதுதான் போட்டேன். புதுப் பேடும் உடனே பிடித்துவிடவில்லை. தட்டையான வீதியில் வேகமெடுத்து, முழுதாக நிறுத்தாமல் மெல்லப் பிடித்துப் பிடித்து விட்ட பிறகே பழகியது.

பண்டாரவளையிலிருந்து:

என்னுடையது ஹைட்ராலிக். வான் வண்டியில் ஏற்றுவதற்காகச் சக்கரத்தைக் கழற்றிய நேரம், பக்கத்தில் நின்ற ஒருவர் சும்மா லீவரைப் பிடித்துப் பார்த்தார். பேட் இரண்டும் ஒட்டிக்கொண்டு, சக்கரம் உள்ளே போக மறுத்தது. டயர் கழற்றும் பிளாஸ்டிக் லீவரால் மெதுவாக விலக்கினேன். இப்போது சக்கரம் கழன்றால் மடித்த அட்டை ஒன்று இடையில் போய்விடும். பேடின் தேயும் பகுதி அரை மில்லிமீட்டருக்கு வந்துவிட்டது, மாற்றியாக வேண்டும். மழைக்குத் தாங்கும் உலோகக் கலவைப் பேட் பதுளைப் பக்கம் எங்காவது கிடைக்கிறதா, அல்லது கண்டிக்கே போக வேண்டுமா?