முதல் மினி சுப்பர்மோட்டோ: உயரமான ஆளுக்கு எது சரி?

கேள்வி:
அண்ணாமார், எனக்கு உயரம் 5 அடி 10 அங்குலம். கொக்குவிலில் இருந்து யாழ்ப்பாண டவுனுக்கு வேலைக்குப் போய்வரவும், ஞாயிறுகளில் பண்ணைப் பாலம் கடந்து தீவுப்பக்கம் ஓடவும் ஒரு மினி சுப்பர்மோட்டோ வேணும், அதாவது மண்பாதை பைக் வடிவில் தார்வீதி ரயர் போட்ட சின்ன வண்டி. கையில் பெரிய காசில்லை. கவாசாகி கேஎஸ்ஆர் 110 நல்லதா, ஹொண்டா ஏப் நல்லதா?

பதில் 1:
தம்பி, கேஎஸ்ஆர் எடுங்கோ. முன்னும் பின்னும் டிஸ்க் பிரேக், 12 அங்குலச் சில்லு, ஒழுங்கைக்குள் அழகாக வளையும். பழைய மொடலில் கிளச் பிடி இல்லை, 4 கியர், பழக லேசு. 50 சிசி எஞ்சின் உள்ள ஏப் 50 மட்டும் வேண்டாம், வளர்ந்த ஆளை ஏற்றிக்கொண்டு பண்ணை எதிர்க்காற்றில் இழுக்காது. ஏப் 100 என்றால் சரி.

பதில் 2:
முதலில் வண்டியின் பதிவுப் புத்தகத்தைப் பாருங்கோ. சேசிஸ், எஞ்சின் இலக்கங்கள் அதோடு பொருந்தாவிட்டால் எவ்வளவு மலிவென்றாலும் விடுங்கோ. அப்புறம் முன் சில்லைத் தாங்கும் ஃபோர்க் குழாயில் விரலை ஓட்டுங்கோ: எண்ணெய் ஒட்டினால் அதை அடைத்து வைக்கும் சீல் போய்விட்டது, உப்புக்காற்றில் துருப்புள்ளி விழுந்த குழாய் என்றால் புதுச் சீலையும் கிழிக்கும்.

பதில் 3:
ஏறி இருந்து ஹாண்டிலை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பி முழங்காலில் இடிக்குதா பாருங்கோ. ரயரும் பிரேக் கட்டையும் இங்கே கிடைக்குமா என்று கடையில் கேட்டுவிட்டுக் காசைக் கொடுங்கோ.