‘மயான நில முன்னறிவிப்பு’: எனக்கு உடன்பாடில்லை

வணக்கம்.

ஒரு நகரத்தில் இறந்தவர்களைப் புதைக்க வருங்காலத்தில் எவ்வளவு நிலம் தேவைப்படும் என்று கணக்கிடுவதற்கு, நகரத் திட்டமிடல் சொல்தொகுதியில் சேர்க்க நீங்கள் முன்வைத்த ‘மயான நில முன்னறிவிப்பு’ என்ற தொடரைப் பார்த்தேன். படித்ததும் பொருள் புரிகிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் இரண்டு முனையிலும் இடிக்கிறது.

முன்னறிவிப்பு வானிலைக்குச் சரி. நாளை மழை என்று ஊருக்கு அறிவிக்கிறோம். திட்டமிடுபவர் போடுவது கணக்கு. அடுத்த 30 ஆண்டுகளில் எத்தனை இறப்பு, அதில் எத்தனை பேரைப் புதைப்பார்கள், ஒரு குழி எவ்வளவு இடம் பிடிக்கும், அந்த இடம் எப்போது மறுபடி காலியாகும் என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்க்கிறார். ஆகவே ‘முன்கணிப்பு’ போதும். இலங்கை வழக்கில் உள்ள ‘எதிர்வுகூறல்’ அழகான சொல்தான்; அதிலும் ‘கூறல்’ ஒட்டிக்கொண்டிருக்கிறதே.

பெரிய சிக்கல் ‘மயானம்’ என்ற சொல்லில் இருக்கிறது. எரிக்கும் இடம், புதைக்கும் இடம் இரண்டுக்கும் அதுதான் பெயர். நிலக் கணக்கில் இவை வேறு வேறு. எரிமேடை ஒன்றே நாள்தோறும் பயன்படும். புதைகுழி ஒருவருக்கென்று ஆனபின் பல ஆண்டுகள் அடைபட்டுக் கிடக்கும். ஜெர்மனியில் எரியூட்டும் வழக்கம் பெருகியதால் பல கல்லறைத் தோட்டங்களில் நிலம் மிஞ்சிப்போயிருக்கிறது. இறப்பு எண்ணிக்கையை மட்டும் பார்த்துக் கணித்தவருக்கு இது பிடிபடாது. ‘மயான நிலம்’ என்ற சொல்லும் அதே தவற்றுக்கு வழிவிடும்.

சரி, ‘இடுகாடு’? நானும் முதலில் அதைத்தான் எழுதிவைத்தேன். அப்புறம் மணிமேகலையின் ‘சுடுவோர் இடுவோர் தொடுகுழிப் படுப்போர்’ என்ற அடி நினைவுக்கு வந்தது. அங்கே இடுவோர், அதாவது உடலை வெறுமனே போட்டுவிட்டுப் போவோர் வேறு, குழி தோண்டிப் புதைப்போர் வேறு. இன்றைய வழக்கில் இடுகாடு புதைக்கும் இடம்தான் என்பதால் இதைப் பெரிய தடையாகச் சொல்லமாட்டேன். ஆனாலும் திட்ட அறிக்கையில் ‘காடு’ என்று வந்தால் வனத்துறைக்காரர் ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார்.

என் பரிந்துரை ‘அடக்கநிலம்’. ‘அடக்கம் செய்தார்கள்’ என்பது எல்லாச் சமயத்தாரும் புழங்கும் பேச்சு. ‘அடக்க விலை’ நினைவுக்கு வருகிறது என்று யாராவது சிரிக்கலாம், சிரிக்கட்டும்.

முழுத்தொடர்: அடக்கநிலத் தேவை முன்கணிப்பு.

இதோடு இன்னொரு சொல்லும் வேண்டும். ஒரு குழி எத்தனை ஆண்டு ஒருவருக்கே உரியது என்ற அந்தக் கால அளவுக்கு நம்மிடம் பெயரே இல்லை. கணக்கையே புரட்டிப்போடுவது அதுதான். ஆண்டுக்கு 1,000 அடக்கம், நடைபாதை சேர்த்துக் குழிக்கு 4 சதுர மீட்டர் என்று பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். சிங்கப்பூரில் 1998 முதல் இருப்பதுபோல 15 ஆண்டு வரம்பு என்றால், 6 ஹெக்டேரோடு நின்றுவிடும்; பழைய குழிகள் காலியாகக் காலியாகப் புதியவர்களுக்கு இடம் கிடைக்கும். குழி நிரந்தரம் என்றால் ஆண்டுதோறும் 0.4 ஹெக்டேர் கூடிக்கொண்டே போகும், முடிவே கிடையாது. லண்டனில் 75 ஆண்டு கடந்த குழிகளைச் சில நிபந்தனைகளோடு மறுபடி பயன்படுத்த 2007-இல் சட்டம் இடம் கொடுத்தது.

இந்தக் கால அளவைத் ‘தவணை’ என்று சொல்லலாமா என்று யோசித்தேன். கடன் வாடை வீசுகிறது. ‘துயில்காலம்’ கவிதைக்குப் பொருந்தும், அட்டவணையின் தலைப்பில் கூச்சமாக இருக்கும். ‘கிடப்புக்காலம்’ என்று வைத்திருக்கிறேன். கோப்புகளைக் கிடப்பில் போடும் அலுவலக வழக்கு குறுக்கிடும் என்பது தெரியும். ஆனால் வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: ‘கிடப்புக்காலம் 15 ஆண்டிலிருந்து 25 ஆக நீண்டால், அடக்கநிலத் தேவை மூன்றில் இரண்டு பங்கு கூடும்.’ வாய்விட்டுப் படித்தேன், எங்கும் தடுக்கவில்லை.

ஒரே குழியில் இருவரை மேலும் கீழுமாக வைப்பதற்கு இப்போதைக்கு ‘அடுக்குக்குழி’ என்று எழுதியிருக்கிறேன். அதில் எனக்கே முழு நிறைவில்லை. உங்களிடம் வேறு சொல் இருந்தால் அனுப்புங்கள், மாற்றிவிடுகிறேன்.