புதுப்பிப்பு: ஆட்டோகிளேவில் பைகள் ஈரமாக வருவது

பல் மருத்துவக் கருவிகளை அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் மெஷின்தான் ஆட்டோகிளேவ். கருவியை ஒரு பக்கம் காகிதமும் மறுபக்கம் பிளாஸ்டிக்கும் உள்ள பையிலிட்டு அதில் வைக்கிறோம். அந்தப் பை ஈரமாக வந்தால் கருவியைப் புதுப் பையில் போட்டு மறுபடி ஓட்டுங்கள் என்று முன்பு எழுதியிருந்தேன். ஈரம் ஏன் வருகிறது என்பதை விட்டுவிட்டேன்.

பெரும்பாலும் மெஷினில் கோளாறு இல்லை, அடுக்கும் விதத்தில்தான். பைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைத்தால் நடுவில் நீராவி சரியாக நுழையாது, நுழைந்தது வெளியேறவும் வழியில்லை. ரேக்கில் நிமிர்த்தி, ஒரு பையின் காகிதப் பக்கம் அடுத்ததன் பிளாஸ்டிக் பக்கத்தைப் பார்க்கும்படி வையுங்கள். ஆவி காகிதம் வழியாகத்தான் போய்வரும். அடுத்த காரணம் அவசரம்: உலர்த்தும் சுற்று முடியுமுன் கதவைத் திறப்பது. நனைந்த காகிதம் வெளிக்கிருமியை உள்ளே இழுத்துவிடும்.

ஒரு திருத்தமும் உண்டு. 121 டிகிரி செல்சியஸில் 15 நிமிடம் என்று முன்பு சொன்னது பையில்லாத கருவிக்கு. வேக்கம் (உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்கும் வசதி) இல்லாத மெஷினில் பையிலிட்டால் 30 நிமிடம், அதுவும் வெப்பம் 121-ஐத் தொட்ட பிறகு எண்ண வேண்டும். மெஷின் கையேடு வேறு நேரம் சொன்னால் அதையே பின்பற்றுங்கள். ஹேண்ட்பீஸுக்கு (பல்லைக் குடையும் சுழல் கருவியின் கைப்பிடி) வேக்கம் இல்லாத குக்கர் மாதிரி மெஷின் போதாது. உள்குழாயில் காற்று சிக்கிக்கொள்ளும். வேக்கம் உள்ள பி கிளாஸ் மெஷின்தான் வேண்டும். ஹேண்ட்பீஸுக்கு எண்ணெய் விட்டதும் அதைச் சில விநாடி ஓடவிட்டு மிச்சத்தை வெளியேற்றிய பிறகே பையில் போடுங்கள்.

பையில் ஒட்டும் ஆட்டோகிளேவ் டேப்பில் கோடு கறுத்தால் சூடு பட்டது என்று மட்டுமே பொருள். கிருமி செத்ததா என்பதை வாரம் ஒருமுறை செய்யும் ஸ்போர் டெஸ்ட்தான் (வெப்பத்தைத் தாங்கும் கிருமி வித்துகளை உள்ளே வைத்து, அவை செத்தனவா என்று பார்க்கும் சோதனை) சொல்லும். மெஷினில் ஊற்றும் தண்ணீர்? டிஸ்டில்டு மட்டும், போர்வெல் தண்ணீர் ஹீட்டரில் உப்புப் படிய வைத்துவிடும்.