கடற்கரைப் பெண்ணுக்கு வழிகாட்டும் கலைஞர்கள் யார்?

உறவுகளே, வணக்கம். பாம்பனிலிருந்து எழுதுகிறேன். பத்தாம் வகுப்புப் படிக்கும் என் அண்ணன் மகள், கிழிந்த வலை நூலையும் கரையில் ஒதுங்கிய சிப்பிகளையும் கோத்து ஒரு நண்டு செய்திருக்கிறாள். நூலை இழுத்தால் கொடுக்கு விரிகிறது! பார்த்து அசந்துபோனேன்.

ஓவியர் ஆதிமூலத்தின் கோட்டோவியங்களையும் டிராட்ஸ்கி மருதுவின் ஓவியங்களையும் காட்டினேன். சாம்பிராணி, கிராம்பு, பட்டை கலந்து சிற்பம் வடிக்கும் பெனிதா பெர்சியால், 2014 கொச்சி முசிறிஸ் பினாலே என்ற கலைக் கண்காட்சியில் வைத்த உருவங்களைப் பற்றிச் சொன்னதும், “சிலைக்கு வாசனையா, சித்தப்பா?” என்று கேட்டு அன்றிரவு தூங்கவே இல்லை.

இப்படிக் கையில் கிடைத்ததைக் கலையாக்கும், இப்போது வாழும் சிற்பிகள், ஓவியர்களின் பெயர்களைச் சொல்லுங்கள். குறிப்பாகப் பெண்கள். விடுமுறையில் சென்னைக்கு அருகே, கலைஞர்கள் சேர்ந்து வாழும் சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்கு அழைத்துப் போகிறேன். அங்கே எதைத் தவறவிடக் கூடாது?